கையெழுத்தை மட்டும் போட்ட டிரஸ்டி: ஏற்காட்டுக் காபித் தோட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வணிகம் செய்துவந்த ஒருவர், ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் தமக்கிருந்த 18 ஏக்கர் காபித் தோட்டம், செவ்வாய்ப்பேட்டைக் கடைகள் இரண்டு, வங்கியில் இருந்த 12 லட்ச ரூபாய் வைப்புத்தொகை ஆகியவற்றை 2014இல் ஒரு குடும்ப டிரஸ்டாக எழுதிப் பதிவு செய்தார். மனைவி உயிருடன் உள்ள வரை நிகர வருமானம் அவருக்குச் சேர வேண்டும். அவருக்குப் பின் மகளும் மகனும் சொத்தைச் சமமாக அடைய வேண்டும். தோட்டம் காபித் தோட்டமாகவே நீடிக்க வேண்டும் என்றும், வங்கிக் கணக்கை இரு டிரஸ்டிகளும் சேர்ந்து கையெழுத்திட்டே இயக்க வேண்டும் என்றும் பத்திரத்தில் வெளிப்படையாக எழுதியிருந்தது. டிரஸ்டிகளாக அவர் நியமித்தவர்களில் ஒருவர், கூடவே கொலுசுப் பட்டறை நடத்திவந்த உடன்பிறந்த தம்பி. மற்றவர் ஏற்காட்டில் குடியிருந்த நெடுநாள் நண்பர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். 2016இல் வணிகர் காலமானார்.

இந்தக் குடும்பமும் தோட்டமும் தொகைகளும் இவ்வாய்வுக்காக அமைக்கப்பட்டவை. சட்டப் பிரிவுகளும் மலையின் காபிச் சாகுபடி நிலவரமும் உள்ளபடியே தரப்படுகின்றன. டிரஸ்டி ஒருவர் டிரஸ்ட் பணத்தை எடுத்துவிட்டார் என்று எழும் தகராறுகளில் பேச்செல்லாம் பணத்தை எடுத்தவரைச் சுற்றியே நடக்கும். ஒரு பைசாவும் தொடாத இரண்டாம் டிரஸ்டியை எவரும் கேள்வி கேட்பதில்லை. இந்நிகழ்வில் அவர்தான் முதன்மையாக ஆராயத் தக்கவர் என்பது என் கருத்து.

நடந்தவை

2019 பிப்ரவரியில் வைப்புத்தொகை முதிர்ந்தபோது, தம்பி அந்த 12 லட்சத்தையும் தம் பட்டறைக்கு வெள்ளி வாங்குவதற்காக எடுத்துக்கொண்டார். அதை அவர் மறைக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். ஆண்டுக்கு ஒன்பது சதவீத வட்டியில் டிரஸ்டின் பெயருக்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்தார். வங்கி தருவதைவிட இது கூடுதல் என்று அண்ணியிடமும் சொன்னார். முதல் ஆண்டு வட்டி ஒழுங்காக வந்தது. 2020இல் ஊரடங்கு வந்து கடைகள் மூடப்பட்ட பிறகு வட்டியும் நின்றது, அசலும் திரும்பவில்லை.

2021இல் மகளின் திருமணச் செலவுக்காக, தோட்டத்து வீட்டில் குடியிருந்த தாய், கீழ்ப் பகுதி ஆறு ஏக்கரில் நின்றிருந்த சில்வர் ஓக் மரங்களை மொத்தமாக மர வியாபாரிக்கு ஏழு லட்சத்துக்குப் பேசினார். மலைப் பகுதியில் மரம் வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி பெற வேண்டும். அதற்கான மனுவில் நிலத்தின் சட்டப்படியான உரிமையாளர்கள் என்ற முறையில் இரு டிரஸ்டிகளும் கையெழுத்திட்டனர். அனுமதி வந்தது, மரங்கள் இறங்கின, திருமணமும் சிறப்பாக நடந்தது.

ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையில் விளைவதில் பெரும்பகுதி அராபிகா காபி. அது நிழலில் வளர்ந்து பழகிய செடி. நிழலை எடுத்துவிட்டால் அராபிகாவுக்கு முதல் எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு. வெயில் நேராக விழும் தண்டையே அது விரும்பித் தேடும். பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடும். புழு தண்டுக்குள் குடைந்து போகும். வெளியே தெரிவதெல்லாம் தண்டில் வளையம் வளையமாக எழும் மேடுகளும் மஞ்சளாகும் இலைகளுந்தான். அவை கண்ணில் படும்போது பெரும்பாலும் செடியைக் காப்பாற்ற முடியாது. வேரோடு பிடுங்கி எரிப்பதே வழி. 2023 அறுவடையின்போது கீழ்ப் பகுதியில் வரிசை வரிசையாகச் செடிகள் பிடுங்கப்பட்டிருந்தன. மறுநடவு செய்தாலும் காய்ப்புக்கு வர மூன்று நான்கு ஆண்டுகளாவது ஆகும்.

அந்த அறுவடைக்கு வந்திருந்த மகள், மேஸ்திரியிடம் காரணம் கேட்டார். பிறகு கணக்கு நோட்டைக் கேட்டார். சித்தப்பா பட்டறை வேலையைக் காரணம் காட்டித் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். ஒரு வழியாக வந்து சேர்ந்தவை ஒரு நோட்டும், சில வங்கி அறிக்கைகளும், தீர்ந்துபோன ஒரு செக் புத்தகத்தின் அடிக்கட்டைகளுமே. அவற்றோடு, வங்கியிடம் கேட்டுப் பெற்ற செக் நகல்களையும் மகள் வரிசையாக அடுக்கிப் பார்த்தார். தேதிகள் 14 மாதங்களில் பரவிக் கிடந்தன. தொகையும் பெயரும் சித்தப்பாவின் கையெழுத்தும் வெவ்வேறு பேனாக்களில் இருந்தன. ஆனால் ஆசிரியரின் கையெழுத்து மட்டும் எல்லாத் தாளிலும் ஒரே பச்சை மையில், ஒரே சாய்வில், ஒரே உட்காரலில் போட்டது போல இருந்தது. அப்படித்தான் போடப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து வயதானவருக்குத் தொந்தரவு தருவானேன் என்று, தம்பி முழுப் புத்தகத்திலும் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிப் போயிருந்தார்.

மகள் ஆசிரியரின் வீட்டுக்கே போய்க் கேட்டபோது நடந்த பேச்சு சுருக்கமானது.

"சார், இந்தப் பன்னெண்டு லட்சம் எதுக்குன்னு சித்தப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"இல்ல கண்ணு. உங்கப்பாவோட தம்பி வந்து நிக்கறாரு, அவருகிட்ட எதுக்குன்னு எப்படிக் கேக்கறது? நான் பேருக்குத்தானே இருந்தேன்."

பேருக்கு டிரஸ்டி என்று ஒருவர் உண்டா

1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்டு சட்டம் அப்படி ஒருவரை அறியாது. (இச்சட்டம் தனியார் டிரஸ்டுகளுக்கு உரியது, பொது அறக்கட்டளைகளும் சமய அறநிலையங்களும் இதன் எல்லைக்குள் வாரா. கோயில் அறங்காவலர்களுக்கு 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம் தனியாக இருக்கிறது. ஊரில் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். குழப்பத்தில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.) டிரஸ்டியாக இருக்க எவரும் கட்டாயப்படுத்தப்பட முடியாது என்று டிரஸ்டு சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்கிறது; வேண்டாம் என்றால் நியாயமான காலத்துக்குள் மறுத்துவிடலாம். சொல்லாலோ செயலாலோ ஏற்றுக்கொண்டுவிட்டால் நிலைமை வேறு. 46ஆம் பிரிவின்படி, நீதிமன்றத்தின் அனுமதியோ, ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ள பயனாளியின் (டிரஸ்டின் பலனைப் பெறுபவரின்) சம்மதமோ, பத்திரத்தில் தனி அதிகாரமோ இல்லாமல் அவர் பொறுப்பைக் கைவிட முடியாது. வங்கியில் மாதிரிக் கையெழுத்துக் கொடுத்த அன்றே ஆசிரியர் இந்தப் பொறுப்பை ஏற்றவராகிறார்.

அவர் சம்பளம் வாங்கவில்லை என்பது அடுத்த வாதம். பத்திரத்தில் குறிப்பிட்டிருந்தாலோ, ஒப்பந்தமோ நீதிமன்ற உத்தரவோ இருந்தாலோ ஒழிய, எந்த டிரஸ்டிக்கும் ஊதியம் கிடையாது என்பது 50ஆம் பிரிவு. ஆகவே இலவசமாகச் செய்தேன் என்பது சலுகைக்குக் காரணமாகாது, அதுதான் பொதுவிதி. அவரிடம் எதிர்பார்க்கப்படும் கவனத்தின் அளவை 15ஆம் பிரிவு வகுக்கிறது: சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தச் சொத்தாக இருந்தால் அதை எவ்வளவு கவனத்தோடு நடத்துவாரோ, அவ்வளவு. ஆசிரியர் தம் ஓய்வூதியக் கணக்கின் செக் புத்தகத்தில் மொத்தமாகக் கையெழுத்திட்டு எவரிடமாவது கொடுத்திருப்பாரா என்ற ஒரே கேள்வி இவ்விடத்தில் போதும்.

இரண்டு டிரஸ்டிகள் எதற்கு என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. 48ஆம் பிரிவு, பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாத வரை டிரஸ்டிகள் அனைவரும் சேர்ந்தே செயல்பட வேண்டும் என்கிறது. 47ஆம் பிரிவு, சில விதிவிலக்குகள் தவிர, டிரஸ்டி தம் கடமையைச் சக டிரஸ்டிக்கும்கூட ஒப்படைக்க முடியாது என்கிறது. இயந்திரத்தனமான, சொந்த முடிவுக்கு இடமில்லாத ஒரு வேலையை முகவர் மூலம் செய்வது ஒப்படைப்பு ஆகாது என்று அப்பிரிவின் விளக்கமே சொல்வதால், செக்கில் கையெழுத்திடுவது வெறும் எழுத்து வேலைதானே என்று ஒருவர் கேட்கலாம். தொகையும் பெயரும் நிரப்பிய செக்கை வங்கியில் கொண்டுபோய்ச் செலுத்துவது எழுத்து வேலை. யாருக்கு, எவ்வளவு, எதற்காக என்பது முடிவு. வெற்றுச் செக்கில் கையெழுத்திட்டவர் அந்த முடிவைத்தான் கைமாற்றிக் கொடுத்தார். அண்ணன் இரண்டு கையெழுத்து வேண்டும் என்று எழுதி வைத்த ஏற்பாடு முழுவதும் அந்த ஒரு மாலையில் ஒற்றைக் கையெழுத்தாகச் சுருங்கிப் போனது.

ஆசிரியரைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2018இல் விடுதிக் குடில் கட்டுபவர் ஒருவர் தோட்டத்தின் மேல் மூலையை 30 ஆண்டுக் குத்தகைக்குக் கேட்டு நல்ல தொகை சொன்னபோது, தோட்டம் தோட்டமாகவே இருக்கட்டும் என்று பத்திரத்தில் இருக்கிறதே என்று மறுத்தவர் அவர்தான். நீதிமன்ற அனுமதியின்றி 21 ஆண்டுக்கு மேல் குத்தகை விட 36ஆம் பிரிவு இடம் தராது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பத்திரத்தைப் படித்திருந்ததே போதுமானதாக இருந்தது. முன்பின் தெரியாதவரிடம் முடியாது என்று சொல்ல முடிந்த மனிதருக்கு நண்பரின் தம்பியிடம் ஏன் என்று கேட்க நா எழவில்லை. நம் பக்கத்துக் குடும்ப டிரஸ்டுகள் கெடுவது பெரும்பாலும் இந்தத் தாட்சண்யத்தில்தான். நேர்மையின்மையால் கெடுபவை குறைவு.

12 லட்சம்: புரோநோட்டு ஏன் காப்பாற்றவில்லை

தம்பியின் தரப்பு வாதம் எளிமையானது: எடுத்தது திருட்டு அன்று, கடன், எழுத்து இருக்கிறது, வட்டி கூடுதல். 54ஆம் பிரிவு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. அடமானத்தின் பேரிலோ சொந்த ஜாமீனிலோ முதலீடு செய்ய வேண்டிய டிரஸ்டி, தமக்கோ தம் சக டிரஸ்டிக்கோ அப்படிக் கொடுக்கக் கூடாது. பத்திரம் அனுமதித்தவற்றிலோ மத்திய அரசு அறிவிக்கை செய்த வகைகளிலோதான் டிரஸ்ட் பணத்தை முதலீடு செய்யலாம் என்ற 20ஆம் பிரிவையும், டிரஸ்ட் சொத்தைத் தம் ஆதாயத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற 51ஆம் பிரிவையும் சேர்த்துப் பார்த்தால், ஒன்பது சதவீதம் என்ன, பதினெட்டுச் சதவீதம் கொடுத்திருந்தாலும் அது மீறலே. கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே ஆளாக இருக்கும்போது, வட்டி நின்றால் கேட்பதற்கு ஆள் இல்லை. இங்கே நடந்ததும் அதுதான்.

எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதில் 23ஆம் பிரிவு நுணுக்கமானது. பல மீறல்களில் ஆண்டுக்கு ஆறு சதவீதத் தனிவட்டியோடு நிற்கும் அப்பிரிவு, டிரஸ்ட் பணத்தைத் தொழிலில் போட்ட டிரஸ்டியிடம் கடுமை காட்டுகிறது. அரையாண்டுக்கு ஒருமுறை கூட்டும் கூட்டுவட்டியையோ, அந்தப் பணத்தால் தொழிலில் கிடைத்த நிகர லாபத்தையோ அவர் தர வேண்டும். எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பயனாளிக்கு உண்டு, டிரஸ்டிக்கு இல்லை. 12 லட்சத்துக்கு நான்கு ஆண்டுக்குத் தனிவட்டி 2 லட்சத்து 88 ஆயிரம்; கூட்டுவட்டி ஏறத்தாழ 3 லட்சத்து 20 ஆயிரம். வேறுபாடு பெரிதல்ல. ஆனால் 2019 தொடக்கத்தில் கிலோ 40,000 ரூபாய் அளவில் இருந்த வெள்ளி, 2020 ஆகஸ்டில் 70,000 ரூபாயைத் தாண்டியது. ஊரடங்கில் வியாபாரமே இல்லை என்று தம்பி சொன்னது பொய் அன்று. ஆனால் விற்காமல் இருந்த சரக்கின் மதிப்பு ஏறிக்கொண்டிருந்தது. கொள்முதல் பதிவேட்டையும் விற்பனைப் பதிவேட்டையும் ஒப்பிட்டு, டிரஸ்ட் பணத்தில் வாங்கிய வெள்ளி எப்போது என்ன விலைக்குப் போனது என்று கண்டறிவதே பிள்ளைகளுக்குச் சாதகமாக இருந்தது. சொந்தப் பணத்தோடு கலந்துவிட்டது, பிரிக்க முடியாது என்ற பதிலும் செல்லாது. கலந்துவிட்டால் மொத்த நிதியின் மீதும் பயனாளிக்குப் பொறுப்புரிமை (தமக்குச் சேர வேண்டியதை அதிலிருந்து ஈடுசெய்துகொள்ளும் உரிமை) உண்டு என்பது 66ஆம் பிரிவு.

மேல் பகுதியில் தாம் நட்ட மிளகுக்கொடிகளால் டிரஸ்டுக்கு நல்ல வருமானம் வந்ததே, அதைக் கழித்துக்கொள்ளக் கூடாதா என்றும் தம்பி கேட்டார். ஒரு மீறலில் வந்த இழப்பை, வேறொரு மீறலில் வந்த லாபத்தைக் காட்டி ஈடுகட்ட முடியாது என்பது 24ஆம் பிரிவு. மிளகு நட்டது மீறல்கூட அல்ல, ஒழுங்காகக் கடமையைச் செய்தது. அதில் வந்த லாபம் தொடக்கத்திலிருந்தே பயனாளிகளுடையது. அவர்களுடைய பணத்தைக் காட்டி அவர்களுக்குத் தர வேண்டிய கடனை எப்படிக் கழிப்பது?

மரங்கள்: மூவருக்கும் பங்குள்ள மீறல்

மரம் வெட்டிய விவகாரம் இதைவிடச் சிக்கலானது. ஒருவருக்குப் பின் ஒருவராக அனுபவிக்கும் பயனாளிகள் உள்ள டிரஸ்டில், இப்போது அனுபவிப்பவர் சொத்துக்கு நிரந்தரக் கேடு விளைக்க முனைந்தால் அதைத் தடுக்க டிரஸ்டி கடமைப்பட்டவர் என்று 18ஆம் பிரிவு சொல்கிறது. ஆண்டுதோறும் கிளை கழித்து நிழலைச் சீராக்குவது நல்ல பராமரிப்பு. முற்றிய மரம் நாலைந்தை எடுத்து இளமரம் வைப்பதும் அப்படியே. ஆறு ஏக்கரை மொட்டையாக்குவது அந்த வகையில் சேராது. பின்னால் வரும் பயனாளிகளின் முதலை, முன்னால் இருப்பவரின் செலவுக்காகக் கரைத்ததாகவே அதைக் கொள்ள வேண்டும். பயனாளிகளிடையே பாரபட்சம் கூடாது என்ற 17ஆம் பிரிவையும் அது தொடுகிறது.

அரசு அனுமதி கொடுத்ததே என்பதை இரு டிரஸ்டிகளும் கேடயமாகக் காட்டினர். அனுமதி வழங்கிய அலுவலகம் பார்த்தது மலையின் மரங்களை. பத்திரத்தில் தோட்டம் யாருக்காக வைக்கப்பட்டது என்பதை அது பார்க்க வேண்டியதில்லை. அதைப் பார்க்க வேண்டியவர்கள் மனுவில் கையெழுத்திட்ட இருவருமே.

அண்ணியே கேட்டார் என்பது இன்னொரு பதில். விவரம் முழுதும் தெரிந்து, வற்புறுத்தலின்றி மீறலுக்கு இசைந்த பயனாளி, பிறகு டிரஸ்டியைக் குற்றம் சொல்ல முடியாது என்பது சரியே. அந்தச் சம்மதம் தாயை மட்டுமே கட்டும். மகனையோ மகளையோ கட்டாது. அதற்கும் மேலாக 68ஆம் பிரிவு, மீறலில் சேர்ந்துகொண்ட பயனாளியின் வருமான உரிமையை, இழப்பு ஈடாகும் வரை மற்றப் பயனாளிகளுக்காக நிறுத்திவைக்க வழி செய்கிறது. பிறரின் சம்மதமின்றித் தெரிந்தே ஆதாயம் பெற்ற பயனாளிக்கும் இது பொருந்தும் என்பதால், கணக்குக் கேட்ட மகளின் திருமணச் செலவும் கேள்விக்கு உள்ளாயிற்று. பணம் எங்கிருந்து வந்தது என்று அப்போது தமக்குத் தெரியாது என்றார் மகள். தாயும் அதையே சொன்னார். தெரிந்தே என்ற நிபந்தனை நிறைவேறாத நிலையில் மகளின் உரிமை தப்பியது.

ஆசிரியருக்கு என்ன பொறுப்பு

சக டிரஸ்டி செய்த மீறலுக்கு மற்றவர் பொறுப்பல்ல என்றுதான் 26ஆம் பிரிவு தொடங்குகிறது. பலர் அந்த முதல் வரியோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சொத்து சரியாகப் பயன்படுகிறதா என்று பார்க்காமல் சக டிரஸ்டியிடம் கொடுத்தாலும், அவர் வாங்கியதைப் பற்றி உரிய விசாரணை செய்யாமல் தேவைக்கு மேல் அவரிடமே விட்டுவைத்தாலும், மீறலைத் தெரிந்துகொண்ட பின் மறைத்தாலும் நியாயமான காலத்தில் நடவடிக்கை எடுக்காவிட்டாலும் அந்தப் பாதுகாப்புப் போய்விடும். ஆசிரியர் முதல் இரண்டிலும் சிக்குகிறார். மரங்களைப் பொறுத்தவரை அவர் நேரடிப் பங்காளி.

27ஆம் பிரிவு இன்னும் கனமானது. ஒருவரின் கவனக்குறைவு மற்றவருக்கு மீற வழிவிட்டால், பயனாளிகள் முழு இழப்பையும் இருவரில் எவரிடமும் கேட்கலாம். பணம் கொண்டுபோனவரிடம் பணம் இல்லையென்றால், பைசா தொடாதவரின் வீடு பதில் சொல்ல வேண்டும். பிறகு குற்றம் குறைந்தவர், கூடியவரிடமிருந்து அதைத் திரும்பப் பெறலாம் என்று அதே பிரிவு ஆறுதலும் தருகிறது. ஆனால் அது அவர் தனியாக நடத்த வேண்டிய வழக்கு.

அவர் செய்திருக்கக் கூடியது அதிகமில்லை. எதற்கு என்று கேட்டிருக்கலாம். பதில் திருப்தி தராவிட்டால், 34ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிமன்றத்தில் மனு கொடுத்து, இந்த முதலீடு சரியா என்று கருத்துக் கேட்டிருக்கலாம். மனுவில் உண்மையை நேர்மையாகச் சொல்லி, பெற்ற கருத்தின்படி நடந்த டிரஸ்டி, அந்த விஷயத்தில் கடமையைச் செய்தவராகவே கருதப்படுவார். தம்பியிடம் முகத்துக்கு நேரே மறுக்கக் கூச்சப்படுகிறவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. கோர்ட்டைக் கேட்டுத்தான் செய்ய முடியும் என்று சொல்லிவிடலாம், உறவும் முறியாது.

முடிவு

போலீஸ் புகார் கொடுக்கும்படி உறவினர் சிலர் தூண்டினர். நம்பிக்கை மோசடிக் குற்றத்துக்கு நேர்மையற்ற எண்ணத்தை நிரூபிக்க வேண்டும். புரோநோட்டு எழுதி, ஓராண்டு வட்டியும் கட்டியவரிடம் அது எளிதல்ல, பணமும் அதனால் விரைவில் வந்துவிடாது. பிள்ளைகள் 19ஆம், 57ஆம் பிரிவுகளின்படி கணக்கையும் ஆவணங்களையும் எழுத்து மூலம் கோரி, அவை வந்த பின் சேலத்தில் ஒரு வழக்கறிஞர் முன்னிலையில் சமரசத்துக்கு உட்கார்ந்தனர். காலம் கடந்துவிட்டது என்ற பேச்சுக்கு இடமிருக்கவில்லை. டிரஸ்ட் சொத்தையும் அதன் கணக்கையும் டிரஸ்டியிடம் கேட்கும் வழக்குக்குக் காலவரையறை இல்லை என்று 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்கிறது.

தம்பி அசலையும், பதிவேடுகளின்படி கணக்கிட்ட நிகர லாபத்தையும், ஏற்கெனவே கட்டிய வட்டியைக் கழித்துக்கொண்டு, தவணைகளில் செலுத்தவும், அதற்குத் தம் சொந்தக் கடையை அடமானமாக வைக்கவும் இசைந்து டிரஸ்டிப் பொறுப்பிலிருந்து விலகினார். கீழ்ப் பகுதியில் நிழல் மரமும் காபியும் மறுநடவு செய்யும் செலவைத் தம்பியும் ஆசிரியரும் பாதிப் பாதி ஏற்றனர். அந்தப் பாதி மிகுதி என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனெனில் தாயின் பங்கும் அதில் உண்டு. தாயின் வருமானத்தைச் சட்டப்படி நிறுத்திவைக்கப் பிள்ளைகள் கேட்கவில்லை; மறுநடவு காய்ப்புக்கு வரும் வரை கீழ்ப் பகுதி வருமானம் தமக்கு வேண்டாம் என்று அவரே எழுதிக் கொடுத்தார்.

ஒரு பட்டயக் கணக்காளரும் மகளும் புதிய டிரஸ்டிகளாக எழுத்து மூலம் நியமிக்கப்பட்டனர். பயனாளிகள் மூவரும் அப்போது வயது வந்தவர்களாக இருந்ததால், அவர்கள் சம்மதத்தோடு ஆசிரியரும் விடுவிக்கப்பட்டார். விடுவிப்புப் பத்திரத்தின் முதல் வரைவில் அவருக்கு இனி எந்தப் பொறுப்பும் இல்லை என்று இருந்தது. வழக்கறிஞர் அதை அடித்துவிட்டு, விலகிய தேதிக்கு முன் நடந்தவற்றுக்கான பொறுப்பு தொடரும் என்றும், தம்பியின் தவணை தவறினால் குறைவதை ஆசிரியர் கட்ட வேண்டும் என்றும் சேர்த்தார். ஆசிரியர் அந்தப் பத்திரத்தை இரண்டு நாள் வீட்டில் வைத்துப் படித்து, மூன்று இடத்தில் சந்தேகம் கேட்டு, அதன் பிறகே கையெழுத்திட்டார்.